தேய்த்தால் போவது எது?

மெக்சிக்கோ நகரத்து அக்கசாலையில் 1732-க்கும் 1772-க்கும் இடையே அடித்த எட்டு ரியால் வெள்ளிக்காசு உள்ளங்கையின் குழியை நிரப்பிவிடும். எடை 27 கிராம். ஒரு பக்கத்தில் கடல் அலைகள். அலைகளுக்கு மேல் ஒன்றையொன்று தழுவிய இரண்டு பூகோளங்கள். அவற்றின் மேல் ஒரு கிரீடம். இருபுறமும் முடிசூடிய இரண்டு தூண்கள். பழைய ஐரோப்பியர் உலகத்தின் எல்லை என்று நம்பிய ஹெர்குலிஸ் தூண்கள் அவை. தூணைச் சுற்றிய நாடாவில் ‘இன்னும் அப்பால்’ என்றும், விளிம்பை ஒட்டி ‘இரண்டும் ஒன்றே’ என்றும் லத்தீனில் எழுதியிருக்கும். இருநூற்றைம்பது ஆண்டு கழித்து நம் கைக்கு வரும்போது அலைகளின் மடிப்பில் கறுப்பு படிந்திருக்கும். எழுத்துகளின் ஓரத்தில் பழுப்பும் நீலமுமாக ஒரு படலம் இருக்கும். கிரீடத்தின் அடியில் கடுகளவு பச்சையும் தெரியலாம். வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் துலக்கிப் பழகிய வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் காசு பளபளக்கும். பழங்காசு தெரிந்தவரிடம் கொண்டுபோனால், விளக்கொளியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு, சொல்ல வந்த விலையைக் குறைத்துக்கொள்வார். அழுக்கைப் போக்கியதற்கு அபராதமா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடிப் போனால் காசுக்கடையோடு நின்றுவிட முடியாது.

மனிதனின் மாசைப் பற்றிப் பேசும்போது சமயங்கள் உலோகத்தையே அடிக்கடி துணைக்கு அழைத்திருக்கின்றன. உயிரோடு கூடிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. அது இடையில் வந்து படிந்த தூசி அன்று. செம்பு என்று உண்டோ அன்றே அதனுள் களிம்பும் உண்டு என்பது கருத்து. கிறிஸ்தவ மரபில் அகுஸ்தீன் நேராகக் காசையே எடுத்துக்கொண்டார். மனிதன் கடவுளின் காசு. கருவூலத்தை விட்டு அலைந்ததில் அவன்மேல் பொறித்த உருவம் தேய்ந்துவிட்டது. பொறித்தவரே அதை மீண்டும் பொறிக்க வேண்டும் என்றார். இரண்டு உவமைக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி: தூய்மை என்பது என்ன? நேர்ந்ததையெல்லாம் துடைத்துவிட்டு முதல் நாள் இருந்தபடி ஆவதா? ஆம் என்பதுதான் நம்மில் பலருக்கும் கேட்டவுடன் வரும் விடை. ஸ்பெயினின் பழைய வெள்ளிக்காசுகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள், எப்படிப் பேணுகிறார்கள் என்று கவனித்தால் அந்த ‘ஆம்’ நிற்காது என்பதே இங்கே நான் வைக்கும் வாதம். ஒரு பொருளிலிருந்து அதற்கு நேர்ந்ததையெல்லாம் கழுவிவிட்டால், கையில் மிஞ்சுவதற்குப் பளபளப்பு இருக்கும், பெயர் இருக்காது.

முதலில் அடையாளம். ஒரு காசு எதனால் அந்தக் காசாகிறது? வெள்ளியால் என்று சொல்லலாம். இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலையில் 1545-ல் வெள்ளி கண்டார்கள். அந்த மலையும் மெக்சிக்கோவின் சுரங்கங்களும் கொடுத்த வெள்ளி மூன்று நூற்றாண்டு உலகத்தின் பொதுப்பணமாக ஓடியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1857 வரை அது சட்டப்படி செல்லுபடியான பணம். வளைகுடாவில் இன்றும் புழங்கும் ரியால் என்ற பெயரே ஸ்பெயினிலிருந்து போனதுதான். இத்தனை தேசத்தாரும் அதை நம்பியது வெள்ளியின் மாற்றை நம்பித்தான். ஆனால் அந்த மாற்று ஒரே நிலையில் இருந்ததா? 1728-ல் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி என்று வகுத்தார்கள். 1772-ல் காசின் உருவத்தை மாற்றியபோது, மூன்றாம் கார்லோஸ் மன்னரின் ரகசிய உத்தரவுப்படி அது 90.3 ஆனது, 1786-ல் மறுபடி ரகசியமாக 89.6-க்கு இறங்கியது. எடையும் பெயரும் அப்படியே இருந்தன. பூகோளங்கள் இருந்த இடத்தில் மன்னரின் முகம் ஏறியது. அதுவரை இரண்டே எழுத்துச் சுருக்கமாக இருந்த ‘கடவுளின் அருளால்’ என்ற வாசகம் முழுச் சொற்களாக விரிந்தது. வெள்ளி குறைந்த இடத்தில் கடவுளின் பெயர் நீண்டது என்பதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் காசின் உண்மையை உலோகத்தில் மட்டும் தேடுகிறவர் எவ்வளவு எளிதில் ஏமாறுவார் என்பது அதில் தெரிகிறது.

அப்படியானால் முகமா? உரோமப் பேரரசரின் காசைக் காட்டி, இதில் உள்ள உருவம் யாருடையது என்று இயேசு கேட்டதாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. உருவம் உடையவரைக் காட்டும் என்பது அந்தக் கேள்வியின் எடுகோள். ஸ்பெயினின் காசுகள் அந்த எடுகோளையும் அசைத்துவிடுகின்றன. மூன்றாம் கார்லோஸ் 1788 டிசம்பரில் இறந்தார். மகன் பட்டத்துக்கு வந்தாலும் அவருடைய முகத்தைச் செதுக்கிய அச்சு கடல் கடந்து அமெரிக்காவுக்கு வந்து சேரவில்லை. மெக்சிக்கோ அக்கசாலை 1789, 1790 காசுகளில் மகனின் பெயரைப் பொறித்து அப்பாவின் முகத்தையே வைத்தது. 1808-ல் நடந்தது இன்னும் விசித்திரம். ஏழாம் பெர்னாண்டோவை நெப்போலியன் பிரான்சில் சிறைவைத்திருந்தார். மன்னரின் முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாத அக்கசாலைக்காரர்கள் மெக்சிக்கோவிலும் லிமாவிலும் சான்டியாகோவிலும் தங்கள் கற்பனைக்கு ஏற்ப ஆளுக்கு ஒரு பெர்னாண்டோவைச் செதுக்கினார்கள். மன்னர் முகம் பொய். ஆனாலும் காசு மெய், எங்கும் செல்லும். இன்றைக்கோ அந்தப் பொய்முகமே அது எந்த ஊரில், எந்த நெருக்கடியில் பிறந்தது என்று சொல்லும் முதல் சாட்சி. பிழையைத் திருத்திச் சரியான முகத்தை வைத்த ஒரு 1789 மெக்சிக்கோ காசு கிடைத்தால் அதைக் கள்ளக்காசு என்றுதான் ஒதுக்குவார்கள்.

உலோகமும் முகமும் கைவிட்ட பிறகு தேர்ந்தவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஓரத்தில் உள்ள சின்ன எழுத்துகளை. ‘எம்’ எழுத்தின் தலையில் ஒரு சிறிய ‘ஓ’ இருந்தால் மெக்சிக்கோ. நான்கு எழுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிய கோலம் இருந்தால் 1760-களின் பிற்பகுதிக்குப் பிந்தைய பொத்தோசி. பக்கத்தில் இருக்கும் தலைப்பெழுத்துகள் மாற்றுப் பார்த்தவருடையவை. சங்க காலத் தமிழ் இவரை வண்ணக்கன் என்றது. இந்த வெள்ளிக்கு நான் பொறுப்பு என்று ஒரு மனிதன் வைத்த கையொப்பம் அது. அந்தக் கையொப்பமும் பொய்த்ததுண்டு. 1640-களில் பொத்தோசி அக்கசாலையில் செம்பை அதிகம் கலந்து காசு அடித்தது வெளிப்பட்டு, விசாரணைக்குப் பின் 1650-ல் வெள்ளி வியாபாரி ரோச்சாவுக்கும் மாற்றுப் பார்த்த ராமிரெஸ் தெ அரெயானோவுக்கும் மரண தண்டனை கிடைத்தது. களங்கப்பட்ட காசுகளைத் திரும்பப் பெற்று, குறைந்த மதிப்புக்கு அடையாளமாகச் சிறிய கிரீட முத்திரை குத்தி வெளியே விட்டார்கள். 1652-ல் காசின் உருவத்தையே மாற்றினார்கள். சீனத்தில் ஒவ்வொரு வணிகரும் காசைச் சோதித்த பின் தன் முத்திரையை அதன்மேல் அறைந்தார். 1797-ல் வெள்ளிக்காசுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்து வங்கி ஸ்பெயின் மன்னரின் கழுத்தில் தம் மன்னரின் சிறிய தலையைக் குத்தி நாலேமுக்கால் ஷில்லிங்குக்கு வெளியிட்டது. இரண்டு ராஜாக்களின் தலை இருந்தும் ஒரு கிரவுன் காசுக்குக்கூடப் பெறவில்லையே என்று லண்டன்காரர்கள் சிரித்தார்கள். இந்த வடுக்கள் ஒவ்வொன்றும் காசின் முதல் உருவத்துக்குச் சேதம். அதே சமயம் ஒவ்வொன்றும் காசின் வாழ்க்கையில் ஒரு வரி.

முதல் நாள் உருவமே உண்மை உருவம் என்பவருக்குச் சென்னையோடு தொடர்புள்ள இரண்டு சான்றுகள் தொல்லை கொடுக்கும். சிட்னியில் நாணயப் பஞ்சம் நிலவியபோது, 1812 நவம்பரில் சென்னையிலிருந்து சமராங் என்ற கப்பல் 40,000 ஸ்பெயின் காசுகளை அங்கே கொண்டுசேர்த்தது. ஆளுநர் மக்குவாரி, கள்ளக்காசுக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டிருந்த ஹென்ஷால் என்பவரைக் கொண்டு ஒவ்வொரு காசின் நடுவிலும் ஒரு வட்டத்தை வெட்டி எடுக்கவைத்தார். ஓட்டை விழுந்த வளையம் ஐந்து ஷில்லிங். வெட்டி எடுத்த வில்லை பதினைந்து பென்ஸ். ஒரே காசு இரண்டு காசானது. இரண்டும் 1813 என்ற புதிய ஆண்டைத் தாங்கின. இவற்றில் எது அந்தப் பழைய மெக்சிக்கோ காசு? மற்றொரு சான்று சென்னையிலேயே அடித்தது. 1807-ஐ ஒட்டிக் கும்பினி வெளியிட்ட வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோவில் கோபுரம், மறுபக்கம் திருமால். சுற்றிலும் தமிழும் தெலுங்கும். அவற்றுள் சில ஸ்பெயின் காசின்மேலேயே அடிக்கப்பட்டவை. கூர்ந்து பார்த்தால் பழைய எழுத்தின் சுவடு அடியில் தெரியும். கத்தோலிக்க மன்னரின் வெள்ளியில் பெருமாள் நிற்கிறார். இதை அதன் ‘தூய’ நிலைக்குத் திருப்புவதென்றால் எந்த நிலைக்கு? பெருமாளைச் சுரண்டி மன்னரைத் தேடுவதா, மன்னரின் சுவட்டைத் தேய்த்துப் பெருமாளைத் தனிப்படுத்துவதா, இரண்டையும் அழித்து வெள்ளிக்கட்டிக்குப் போவதா? முதல் நாள் என்று நாம் சொல்வது எப்போதுமே பல நாள்களுள் நாம் தேர்ந்துகொண்ட ஒரு நாள்.

இனி அந்தக் கறுப்புக்கு வருவோம். காற்றில் கொஞ்சம் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து உண்டாவது வெள்ளி சல்பைடு. ஆரம்பத்தில் அது மிக மெல்லிய படலம்; அதன் கனத்தைப் பொறுத்து காசு மஞ்சளாக, செம்பழுப்பாக, நீலமாகத் தெரியும். பல ஆண்டு சென்றபின்தான் கறுக்கும். அதாவது கறுப்பாகத் தெரிவது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. காசின் மேல்தோலே உருமாறிய நிலை. அதைத் தேய்த்து எடுப்பவர் தோலையே எடுக்கிறார். வில்லையின்மேல் அச்சு இறங்கியபோது உலோகம் ஓடிய ஓட்டம் நுண்ணிய கோடுகளாக மேற்பரப்பில் இருக்கும். நல்ல காசைச் சாய்க்கும்போது ஒளி சுழல்வது அதனால்தான். பற்பசையோ திருநீறோ துலக்கும் தூளோ அந்தக் கோடுகளை வழித்துவிட்டுத் தன் கீறல்களைப் போடும். அமிலக் கரைசலில் முக்கினால் கீறல் விழாது. மேல்தோல் கரைந்து காசு வெளிறிப்போகும். இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்கலாம். புழக்கத்தில் தேய்ந்த காசில் மேடான இடங்கள் முதலில் தேயும். மன்னரின் கன்னமும் காதோரமும் மழுங்கும், பள்ளங்கள் அப்படியே இருக்கும். துலக்கித் தேய்ந்த காசில் மேடு பள்ளம் பாராமல் எல்லா இடத்திலும் இணைகோடாகக் கீறல் இருக்கும். வாழ்ந்து தேய்ந்ததும் தூய்மைக்காகத் தேய்த்ததும் கண்ணுக்குத் தனித்தனியே தெரிகின்றன. முதலாவது காசைப் பற்றிச் சொல்கிறது. மற்றது தேய்த்தவரைப் பற்றி மட்டும் சொல்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு வேதாந்தத்திலிருந்து வரும். நகை பல, பொன் ஒன்று. மண்ணை அறிந்தால் மண்ணால் ஆனதெல்லாம் அறிந்ததாகும், வேறுபாடு வெறும் பெயர் என்று சாந்தோக்கிய உபநிடதம் கற்பிக்கிறது. அப்படியிருக்க, முத்திரைக்கும் வடுவுக்கும் இத்தனை மரியாதை எதற்கு? வெள்ளி வெள்ளிதானே? இந்தப் போதனையை மறுக்க வேண்டியதில்லை. அது யாருக்குத் துணை நிற்கிறது என்று பார்த்தால் போதும். பொன்னை மட்டும் பார்ப்பவனுக்கு நகையின் வடிவம் பொருட்டில்லை. அதுபோல நகையின் அழுக்கும் பொருட்டில்லை. அவன் காசை உருக்கலாம், அல்லது தொடாமல் விடலாம். துலக்குவதற்கு அவனுக்குக் காரணமே கிடையாது. துலக்குகிறவன் தேடுவது வெள்ளியை அன்று, அழகான ஒரு வடிவத்தை. வடிவத்தை விரும்பி, வடிவத்தைத் தந்த மேற்பரப்பையே அவன் அழிக்கிறான். ஆகவே துலக்குதல் அத்வைதத்தின் பக்கமும் சேராது, உலகியலின் பக்கமும் சேராது. பெயர் உருவம் பொய் என்று துறக்கிற துணிவும் அதில் இல்லை. பெயர் உருவத்தை உள்ளபடி ஏற்கிற பொறுமையும் இல்லை.

இன்னொரு மறுப்பு அறிவியலின் பெயரால் வரும், அதில் உண்மை இருக்கிறது. எல்லாப் படிவையும் வரலாறு என்று வணங்கி விட்டுவைத்தால் சில காசுகள் செத்துப்போகும். 1622 செப்டம்பரில் பிளோரிடா அருகே மூழ்கிய அத்தோச்சா கப்பலின் வெள்ளியை 1985-ல் கடலடியில் கண்டபோது பல காசுகள் ஒன்றோடொன்று இறுகிக் கருங்கட்டிகளாகக் கிடந்தன. உப்பு நீர் அவற்றின் உலோகத்தைத் தின்றிருந்தது. மின்னாற்பகுப்பு முறையில் அவற்றைப் பிரித்து நிலைப்படுத்தாமல் இருந்திருந்தால் இன்று படிக்க ஓர் எழுத்தும் இருக்காது. வீட்டிலும் இது நடக்கும். மிருதுவான பிவிசி உறையில் காசைப் போட்டு வைத்தால் பிளாஸ்டிக் நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டுப் பச்சைப் பிசுக்காகக் காசின்மேல் ஒட்டும். விட்டால் அரித்துக்கொண்டே போகும். அதைச் சுத்தமான அசிட்டோனில் நனைத்து எடுத்துவிட வேண்டும். அசிட்டோன் பிசுக்கைக் கரைக்கும், வெள்ளியைத் தொடாது. எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பங்கரையில் வைத்துச் செய்யக் கூடாது. மண்ணும் தூசியும் என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தினால் போதும். இந்த முறைகளையெல்லாம் ஏற்றுக்கொள்ளும்போது என் வாதம் தளர்வதில்லை, கூர்மை பெறுகிறது. பேணத் தெரிந்தவர் கேட்பது “இது அழகாக இருக்கிறதா?” என்பதை அன்று, “இது காசோடு இருந்துகொண்டிருக்கிறதா, காசைத் தின்றுகொண்டிருக்கிறதா?” என்பதைத்தான். ஆடாமல் உறைந்த கறுப்பை விட்டுவிடுவார். பரவும் பச்சையை நிறுத்துவார். தூய்மைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

சித்தாந்தி இப்போது கேட்பார்: களிம்பு போகத்தானே வேண்டும்? வண்ணான் சாணியும் உவர்மண்ணும் போட்டு, அழுக்கைக் கொண்டே அழுக்கைப் போக்குகிறான் என்ற உவமையும் எங்கள் நூலில் உண்டே? உண்டு. ஆனால் வண்ணான் துணியைத் தெரிந்தவன்; அழுக்கு போகும் அளவுக்குத்தான் அடிப்பான், இழை போகும் அளவுக்கு அடிக்க மாட்டான். களிம்பு உவமையோ இன்னும் நுட்பமானது. புளி போட்டுத் துலக்கிய செம்புக்குடம் சில நாளில் மறுபடி கறுக்கும் என்பது எந்த வீட்டுக்கும் தெரியும். துலக்குவது மேலே உள்ளதைத்தான் எடுக்கும்; உடன்பிறந்த மலம் துலக்கிப் போவதில்லை. அதனால்தான் சித்தாந்தம் ரசகுளிகையைச் சொல்கிறது: சித்தர் செய்த பாதரசக் குளிகை தொட்டவுடன் களிம்பு அடங்கிச் செம்பு பொன்னாகும், திருவருள் அப்படித் தொடும் என்கிறது. முத்தியிலும் ஆணவம் இல்லாமல் அழிந்துபோவதில்லை, அதன் ஆற்றல் மட்டும் மடங்குகிறது என்பதும் மெய்கண்டார் வழியில் வந்த கொள்கை. அதற்கு முன் உயிர் தன் வினையை நுகர்ந்தாக வேண்டும், இருவினையொப்பு வரவேண்டும், மலம் பக்குவப்பட வேண்டும். நேர்ந்ததைத் துடைத்து அல்ல, நேர்ந்ததை முழுக்கக் கடந்துதான் உயிர் தூய்மை பெறுகிறது. அகுஸ்தீனும் தேய்ந்த காசு தன்னைத் தானே தேய்த்துக்கொண்டால் உருவம் திரும்பும் என்று சொல்லவில்லை; பொறித்தவர் கை வேண்டும் என்றார். அருளைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேசும் இரண்டு மரபும் தன்னைத்தானே சுரண்டிக்கொள்வது தூய்மை ஆகாது என்பதில் ஒன்றுபடுகின்றன. ஸ்பெயின் காசின்மேல் வரும் பச்சையும் உடன்பிறந்ததே என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வெள்ளி தாங்கி நிற்க வேண்டும் என்பதற்காக அக்கசாலை கலந்த செம்பு அந்தக் காசில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு இருக்கிறது. காசை உறுதியாக்கியதும் அதுதான், பச்சையாக வெளிவருவதும் அதுதான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அறத்திலிருந்து வருவது. வரலாற்றைப் போற்று என்கிறாயே, யாருடைய வரலாறு? 1570-களில் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதி தொலேதோ வகுத்த மித்தா முறைப்படி, பதினாறு மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துப் பொத்தோசிக்குப் போக வேண்டும். ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரம் பேருக்குமேல். 1812-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. உவான்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து வந்த பாதரசத்தை அரைத்த தாதுவில் ஊற்றி, தொழிலாளர்கள் அதைக் காலால் மிதித்துக் கலந்தார்கள். சித்தாந்தத்தின் உவமையில் களிம்பைத் தீர்த்துப் பொன்னாக்கும் ரசம், அந்த மலையடிவாரத்தில் மண்ணிலிருந்து வெள்ளியைப் பிரித்துவிட்டு மனிதரின் நரம்பைத் தின்றது. பொத்தோசியின் பழைய அக்கசாலையில் இன்றும் ஒரு பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது: மரியன்னையின் உடலே வெள்ளிமலையாக விரிந்து, முகமும் கைகளும் மட்டும் வெளியே தெரிகின்றன. புனிதத்தையும் சுரண்டலையும் அவ்வளவு அருகருகே வைத்த படம் அரிது. இத்தகைய வரலாறு படிந்த காசில் எதைப் போற்றுவது என்று கேட்டால், போற்றுவது வேறு, பேணுவது வேறு என்பதே விடை. வடுவைப் பேணுகிறவன் அடித்த கையைப் போற்றுவதில்லை. பார்க்கப்போனால், பளபளக்கும் காசுதான் மன்னருக்கு விசுவாசமானது. அச்சு இறங்கிய கணத்தில் அரசு சொல்ல விரும்பியதை மட்டும் அது சொல்கிறது: கிரீடம், தூண், கடவுளின் அருள். அதன்பின் அது யார் யார் கையில் போனது, யார் அதை நம்பவில்லை, எந்த மண்ணில் புதைந்தது என்பதெல்லாம் கறையிலும் வடுவிலும்தான் இருக்கின்றன. பாவத்தின் தடயத்தைத் துடைப்பது பாவத்தைத் துடைப்பதாகாது, சாட்சியை அனுப்பிவிடுவதாகும்.

கடைசியாகத் தர்க்கக்காரர் ஒருவர் மடக்குவார்: நேர்ந்ததெல்லாம் வரலாறு என்றால், ஒருவர் திருநீறு போட்டுத் துலக்கியதும் வரலாறுதானே? சீன வணிகரின் முத்திரை வரலாறு, நம் வீட்டுத் துலக்கல் மட்டும் குற்றமா? நல்ல கேள்வி, விடையும் காசிலேயே இருக்கிறது. சீன வணிகர் குத்தியபோது ஒரு சொல்லைச் சேர்த்தார். அடியில் இருந்த சொற்கள் பெரும்பாலும் இன்னும் படிக்கக் கிடைக்கின்றன. சிட்னியில் வெட்டிய ஓட்டைகூட வளையத்தையும் வில்லையையும் வைத்துவிட்டுப் போனது; இரண்டையும் சேர்த்துப் பழைய காசை ஊகிக்கலாம். துலக்கல் எதையும் சேர்ப்பதில்லை. முன்பு எழுதியதை அழிக்கிறது, தான் எழுதியதிலும் ஒரு காசுக்கும் இன்னொரு காசுக்கும் வேறுபாடு வைப்பதில்லை. பொத்தோசி காசும் மெக்சிக்கோ காசும் கடலில் கிடந்ததும் பானையில் கிடந்ததும் துலக்கியபின் ஒரே வெளிறலாகின்றன. ஒரு செயல் ஒரு பொருளின் வாழ்வில் சேர்ந்ததா, அதை அழித்ததா என்று அறிய இதுவே உரைகல்: அதன்பின் அந்தப் பொருளைப் பற்றிக் கூடுதலாக அறிய முடிகிறதா, குறைவாகவா? இந்த உரைகல்லில் உரைத்தால் நோன்பும் தவமும் மன்னிப்பும்கூட இரண்டாகப் பிரியும். ஒரு மனிதனை அவனுக்கு நேர்ந்ததோடு சேர்த்து அறியத் துணைசெய்பவை ஒரு வகை. கடந்த காலமே இல்லாதவன் போல அவனை மழுங்க வைப்பவை மற்றொரு வகை.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பதற்கு இப்போது ஒரு பொருள் கிடைக்கிறது. நாணயமானவர் என்று நாம் ஒருவரைச் சொல்வது அவர்மேல் கறையே படவில்லை என்பதற்காக அன்று. பல கை மாறிய பின்னும் அவரிடம் உள்ளது இன்னதென்று படிக்க முடிகிறது என்பதற்காக. கையில் ஒரு பழைய எட்டு ரியால் இருந்தால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடிக்கலாம். எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். விளிம்புக் கோலத்தின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்களைத் தேடலாம். 1772-க்குப் பிந்தைய, முகம் பொறித்த காசில் வட்டமும் கட்டமும் மாறி மாறி வரும் அந்தக் கோலத்தில் அந்த இடம் எதிரெதிராக இரண்டு இருக்க வேண்டும், அதைக் கள்ளக்காசுக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவார்கள். ரப்பர் வளையமும் செய்தித்தாளும் கம்பளித் துணியும் படாமல், அமிலமில்லாத காகித உறையில், ஈரம் உறிஞ்சும் ஒரு பொட்டலத்தோடு வைக்கலாம். உறையின்மேல், யாரிடமிருந்து, எப்போது, எந்த ஊரில் வந்தது என்று பென்சிலால் ஒரு வரி எழுதலாம். காசைக் கூர்ந்து பார்த்தால் தெரியாத ஒன்றே ஒன்று அந்த வரியில்தான் இருக்கும். கிரீடத்தின் அடியில் இருக்கும் கடுகளவு பச்சையை அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கலாம். அது பரவியிருந்தால் அன்று கைவைக்கலாம். பரவாவிட்டால் உறையை மூடிவிடலாம்.